இடைவெளியைத் தட்டச்சு செய்யாதீர்கள்: வேர்டில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பக்கம் அமைத்த அனுபவம்

என்னிடம் ஒரு கோப்பு வந்ததும் நான் முதலில் செய்வது, கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துவதுதான். வேர்டில் மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்றால் கன்ட்ரோலும் எஃப் 10-ம். ஸ்பேஸ் பார் தட்டிய இடமெல்லாம் புள்ளி, டேப் தட்டிய இடத்தில் அம்பு, என்டர் தட்டிய இடத்தில் பத்தி முடிந்ததைக் காட்டும் குறி. எழுதியவர் என்ன நினைத்து எதைத் தட்டினார் என்பது அப்போது முழுசாகத் தெரியும். அந்தக் கோப்பைச் சரி செய்ய ஒரு மாலை போதுமா, ஒரு வாரம் வேண்டுமா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

சிறு பதிப்பகங்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் நான் பக்க வடிவமைப்பு செய்து தருகிறேன். பெரிய பதிப்பகங்கள் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கின்றன. என்னிடம் வருபவர்கள் வேர்டில் தட்டச்சு செய்தவர்கள். புத்தகம் அச்சான பிறகும், அடுத்த பதிப்புக்கு அந்தக் கோப்பைத் தாங்களே திறந்து திருத்த வேண்டும் என்று நினைப்பவர்கள். அதனால் என் வேலை பெரும்பாலும் வேர்டிலும் ரைட்டரிலும்தான். வேர்டில் செய்தால் புத்தகம் புத்தகம் மாதிரி இருக்காது என்று டிடிபி, அதாவது கணினியில் பக்க அமைப்பு, செய்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடைவெளியை விசையால் தட்டி உண்டாக்கினால் எந்த மென்பொருளிலும் பக்கம் கெடும். இடைவெளியைப் பத்தியின் குணமாகச் சொல்லிவிட்டால் வேர்டிலேயே கண்ணுக்கு இதமான பக்கம் கிடைக்கும். இதை ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் வட்டாரத்துக் கண்மாய்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் அவை. நடுநடுவே குறள், நாட்டுப்புறப் பாட்டு, ஆயக்கட்டு ஏக்கர்க் கணக்கு போட்ட அட்டவணைகள், மடைகளின் புகைப்படங்கள். எல்லாம் ஏ4 தாளில், அவரே தட்டச்சு செய்தது. குறிகளைக் காட்டச் சொன்னதும் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் வரிசையாகப் புள்ளிகள். சில பத்தியில் ஐந்து, சிலவற்றில் ஏழு. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு வெற்று என்டர். அடுத்த கட்டுரை புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காகப் பக்கம் தீரும் வரைக்கும் என்டர், என்டர், என்டர்.

"பத்தி ஆரம்பத்துல எதுக்குங்கய்யா இவ்வளவு ஸ்பேஸ்?" என்று கேட்டேன்.

"பத்தின்னா உள்ள தள்ளித்தானே தம்பி ஆரம்பிக்கணும்? பிள்ளைங்களுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கோம்?"

அவர் சொன்னது சரி. பத்தி உள்ளே தள்ளித்தான் தொடங்க வேண்டும். "தள்ளணும்ங்கய்யா. ஆனா அதை நீங்க தட்ட வேண்டாம். வேர்டையே தள்ளச் சொல்லிடலாம்" என்றேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை நடந்த பாதி நேரம் அவரும் கூடவே இருந்தார். அதனால்தான் ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. இந்தக் கட்டுரையும் அதிலிருந்துதான் வருகிறது.

சுத்தம் செய்யும் வரிசை

ஏ4-ல் தட்டிய கோப்பை டெம்மி அளவுக்கு மாற்றும்போதுதான் தட்டிய இடைவெளிகள் கழுத்தைப் பிடிக்கும். டெம்மி என்றால் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 சென்டிமீட்டர் உயரம். தாள் சுருங்கியதும், பக்கம் தள்ளுவதற்காகத் தட்டிய என்டர்கள் எல்லாம் இடம் மாறிப் பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். எனவே முதல் வேலை, இவற்றை நீக்குவது.

ஆனால் எடுத்ததும் துடைப்பத்தை வீசக் கூடாது. இதில் வரிசை முக்கியம். கோப்பில் பழைய எழுத்துருவில் தட்டிய பகுதி எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பக்கங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய கட்டுரை ஒன்றைப் புதுக் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். பார்வைக்குத் தமிழ்தான், ஆனால் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றிய நொடியில் அந்தப் பத்தி முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அதனால் அந்தப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி, மீண்டும் ஒட்ட வேண்டும். மாற்றிய பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் அவசியம். ஊடே உண்மையிலேயே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கும்.

அடுத்தது செய்யுள். பாடல் வரிகளில் ஒவ்வொரு வரியும் ஒரு என்டர், கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் ஒரு வெற்று என்டர் என்று இருக்கும். வெற்று வரிகளை மொத்தமாக நீக்கினால் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே செய்யுள் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் முதலிலேயே 'செய்யுள்' என்று ஒரு ஸ்டைல், அதாவது பெயர் வைத்துச் சேமித்த பத்தி வடிவம், போட்டு, கண்ணி முடியும் இடத்தில் ஓர் அடையாளக் குறியும் இட்டுவிடுவேன்.

மூன்றாவது, தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும். ஆசிரியர் கண்மாய்ப் பெயர்களை எல்லாம் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். வேர்டில் கன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்துக்குக் கையால் கொடுத்த அலங்காரம் எல்லாம் போய்விடும், அந்தப் பெயர்களின் தடிப்பும் சேர்ந்து போகும். அதற்கு முன்பே ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் தடித்த எழுத்தைத் தேடி, அதன் இருபுறமும் ஓர் அடையாளக் குறி இட்டுவிட்டால், பிறகு அந்தக் குறிகளை வைத்து அவற்றுக்கு ஒரு கேரக்டர் ஸ்டைல், அதாவது எழுத்துக்கான ஸ்டைல், கொடுத்துவிடலாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் துடைப்பது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பெட்டியில் 'மோர்' பொத்தானை அழுத்தி, 'ஸ்பெஷல்' பட்டியலைத் திறந்தால் 'பாராகிராஃப் மார்க்' இருக்கும். மேல் பெட்டியில் அதை இரண்டு முறையும் கீழ்ப் பெட்டியில் ஒரு முறையும் போட்டு, இனி மாற்ற ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரை 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்க வேண்டும். ரைட்டரில் இன்னும் எளிது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதை டிக் செய்து, தேடும் பெட்டியில் ^$ என்று போட்டுவிட்டுக் கீழ்ப் பெட்டியைக் காலியாக விட்டால் வெற்றுப் பத்திகள் மொத்தமும் ஒரே வீச்சில் போய்விடும். இரட்டை ஸ்பேஸை ஒற்றையாக்குவதும் இதே மாதிரிதான்.

தமிழில் தட்டுபவர்களிடம் ஒரு பழக்கம் பரவலாக இருக்கிறது. காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் ஒரு ஸ்பேஸ் விடுவார்கள். "என்றார் ?" என்று. திரையில் அது பெரிதாக உறுத்தாது. பக்கம் சுருங்கியதும் கேள்விக்குறி மட்டும் தனியே அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி என ஒவ்வொன்றாகத் தேடி முன்னால் உள்ள ஸ்பேஸை எடுத்துவிட வேண்டும். சில நிமிட வேலைதான், மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒரு நாளே மிச்சம்.

பத்தியின் குணம்

வேர்டில் பத்தி முடியும் இடத்தில் நிற்கும் அந்தக் குறிக்குள்தான் பத்தியின் வடிவம் முழுவதும் இருக்கிறது. எவ்வளவு உள்ளே தள்ளுவது, மேலே கீழே எவ்வளவு விடுவது, வரிக்கும் வரிக்கும் எவ்வளவு, பக்கம் உடையும்போது என்ன செய்வது எல்லாம் அதில் அடங்கும். அந்தக் குணங்களுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிப்பதுதான் ஸ்டைல். இந்தப் புத்தகத்துக்கு வைத்த பெயர்கள் கொஞ்சம்தான்: கட்டுரைத் தலைப்பு, உட்தலைப்பு, முதல் பத்தி, பத்தி, செய்யுள், படம், பட விளக்கம், அட்டவணை எழுத்து. தலைப்புகளுக்கு மட்டும் வேர்டிலேயே இருக்கும் ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2 இரண்டையும் எடுத்து, தோற்றத்தை மாற்றிக்கொள்வது நல்லது. பொருளடக்கம் அவற்றிலிருந்து தானாகவே வந்துவிடும்.

ஸ்டைல் அமைக்கும்போது தமிழுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' வகை. ஸ்டைலைத் திருத்தும் பெட்டியில் 'ஃபார்மட்', 'ஃபான்ட்' என்று உள்ளே போனால் லத்தீன் எழுத்துக்கு ஒரு எழுத்துருவும் அளவும், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு வேறு எழுத்துருவும் அளவும் இருக்கும். இரண்டாவதில்தான் தமிழ் எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். ரைட்டரில் அதற்கு 'சிடிஎல்' என்று பெயர், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதியில் அதை இயக்கி வைக்க வேண்டும். "அளவை மாத்திக்கிட்டே இருக்கேன், தமிழ் எழுத்து மட்டும் மாறவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

அப்புறம், அதே பெட்டியில் 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால், எங்கோ ஒரு பத்தியை மட்டும் நடுவில் வைத்தாலும் அந்த ஸ்டைலில் உள்ள எல்லாப் பத்திகளும் நடுவுக்கு வந்துவிடும்.

பத்திகளைப் பிரித்துக் காட்ட இரண்டு வழி. முதல் வரியை உள்ளே தள்ளலாம், அல்லது பத்திகளுக்கு நடுவே இடம் விடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பக்கம் துண்டு துண்டாகத் தெரியும். கட்டுரைப் புத்தகத்துக்கும் கதைக்கும் என் விருப்பம் உள்தள்ளல்தான், வாசிப்பு தடைப்படாமல் ஓடும். அரசு அறிக்கை, கையேடு போன்றவற்றுக்கு இடைவெளி. ஆசிரியரின் புத்தகத்துக்கு 5 மில்லிமீட்டர் உள்தள்ளல் கொடுத்தேன். தலைப்புக்கு அடுத்து வரும் முதல் பத்திக்கு மட்டும் தள்ளல் கிடையாது, அதற்குத்தான் 'முதல் பத்தி' என்று தனி ஸ்டைல். ஒரு ஸ்டைலுக்கு அடுத்து எந்த ஸ்டைல் வரவேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். தலைப்பைத் தட்டி என்டர் கொடுத்தால் 'முதல் பத்தி', அங்கே என்டர் கொடுத்தால் 'பத்தி'. ஆசிரியருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பிற்பாடு எழுதிச் சேர்த்த கட்டுரையை அவர் இந்த முறையிலேயே தட்டி அனுப்பினார். நான் அதில் கைவைக்க வேண்டிய இடமே இல்லை.

வரி இடைவெளி: தமிழ்ப் பக்கம் கெடும் இடம்

தமிழ்ப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது வரி இடைவெளியில்தான்.

வேர்ட் 2013 முதல் புதுக் கோப்பின் வரி இடைவெளி 1.08, பத்திக்குக் கீழே 8 பாயின்ட் என்று இருந்தது. அது ஆங்கிலத்துக்கு வைத்த கணக்கு. 'சிங்கிள்', '1.5' போன்றவை எல்லாம் எழுத்துருவின் உயரத்தைப் பெருக்கிப் போடுபவை. தமிழ் எழுத்துருவின் உயரம் வேறு, ஆங்கில எழுத்துருவின் உயரம் வேறு. ஒரு பத்தியில் ஏழு வரி தமிழ், நடுவில் ஒரு வரியில் மட்டும் வேறு எழுத்துருவில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் அந்த வரிக்கு மட்டும் இடைவெளி கூடிவிடும். அடிக்குறிப்பு எண் வரும் வரியிலும் இப்படி நடக்கலாம். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், வரிகள் ஏறியும் இறங்கியும் அலை அலையாகத் தெரியும். ஏன் இந்தப் பக்கம் உறுத்துகிறது என்று வாசகருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

இதற்கு வழி, லைன் ஸ்பேசிங்கில் 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தேர்ந்து ஒரு நிலையான அளவு கொடுப்பது. ரைட்டரில் 'ஃபிக்ஸ்டு'. அளவைக் கஞ்சத்தனமாக வைத்தால் மேலே 'கீ', 'ஸ்ரீ' போன்றவற்றின் மேல்சுழியும் கீழே 'ழு', 'கூ' போன்றவற்றின் வாலும் வெட்டுப்பட்டுத் தெரியும். 11 பாயின்ட் எழுத்துக்கு 16 பாயின்ட் என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் இடம். எழுத்துருவைப் பொறுத்து 15-க்கு இறக்குவேன், 17-க்கு ஏற்றுவேன். 'ஸ்ரீ', 'ஞூ', 'ழீ' மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் வருமாறு ஒரு சோதனைப் பத்தி வைத்துக்கொண்டு அச்செடுத்துப் பார்த்துதான் முடிவு செய்வேன். திரையை மட்டும் நம்புவதில்லை.

நிலையான அளவுக்கு இன்னொரு நன்மை உண்டு. பக்கத்தின் உயரத்தை வரிக்கணக்கில் போட முடியும். 31 வரி, வரிக்கு 16 பாயின்ட் என்றால் 496 பாயின்ட். 72 பாயின்ட் ஓர் அங்குலம், ஆக இது சுமார் 175 மில்லிமீட்டர். டெம்மியின் உயரத்தில் மீதி ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். அதில் மேலே 18, மிச்சம் கீழே பக்க எண்ணோடு சேர்த்து. தலைப்புகளையும் இதே கணக்கில் அடக்க வேண்டும். உட்தலைப்புக்கு மேலே 22 பாயின்ட், கீழே 10, தலைப்பு வரி 16, மொத்தம் 48. சரியாக மூன்று வரி. செய்யுளுக்கு மேலே 8, கீழே 8, ஆக ஒரு வரி. இப்படிச் செய்தால் பக்கத்தின் நடுவில் என்ன வந்தாலும் கீழே வரும் வரிகள் எதிர்ப்பக்கத்து வரிகளோடு நேராக நிற்கும். மெல்லிய தாளில் பின்பக்கத்து வரிகள் முன்பக்கத்து வரிகளுக்கு நடுவே நிழலாகத் தெரிவதும் குறையும்.

'எக்ஸாக்ட்லி' வைத்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் பதறிப்போய்க் கேட்கும் கேள்வி, "படம் எங்கே போச்சு?" படத்தை வரியோடு வரியாக வைத்திருந்தால், 16 பாயின்ட் உயரத்துக்கு மேல் உள்ளதெல்லாம் மறைந்து, படத்தின் ஒரு கீற்று மட்டும்தான் தெரியும். மடையின் படத்தைப் போட்டதும் ஆசிரியரும் திகைத்துப் போனார். படம் எங்கும் போகவில்லை. அந்தப் பத்திக்கு மட்டும் வரி இடைவெளியை 'சிங்கிள்' ஆக்கினால் முழுசாக வந்துவிடும். 'படம்' என்று தனி ஸ்டைல் வைப்பது இதற்காகத்தான். அதிலேயே 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக் செய்துவிட்டால், படம் ஒரு பக்கத்திலும் அதன் விளக்கம் மறுபக்கத்திலும் போய்ப் பிரிந்து நிற்காது.

இருபுறமும் நேராக்கினால் வரும் ஓட்டைகள்

டெம்மி தாளில் உள்பக்க ஓரம் 20, வெளி ஓரம் 16 மில்லிமீட்டர் விட்டால் எழுத்துக்கு 104 மில்லிமீட்டர் மிஞ்சும். 11 பாயின்ட் தமிழில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொற்கள்தான் அடங்கும். இடைவெளிகள் நான்கோ ஐந்தோதான். வேர்ட் தமிழ்ச் சொல்லை நடுவில் உடைக்காது. 'எடுத்துக்கொண்டிருந்தார்களாம்' என்று ஒரு சொல் வரிக் கடைசியில் இடம் கிடைக்காமல் அடுத்த வரிக்குப் போனால், மேல் வரியில் மிஞ்சிய மூன்று நான்கு சொற்களும் ஆளுக்கொரு திசையில் விலகி நிற்கும். இருபுறமும் நேராக்கிய தமிழ்ப் பக்கங்களில் நடுநடுவே வெள்ளை ஓட்டைகள் தெரிவது இதனால்தான்.

ஈய அச்சுக் காலத்தில் அச்சுக் கோப்பவர்கள் இதற்குத் தயங்கவே இல்லை. இடம் இல்லை என்றால் எழுத்து முடியும் எந்த இடத்திலும் சொல்லை உடைத்துக் கீழே இறக்கினார்கள், இணைப்புக்கோடும் போடவில்லை. செய்தித்தாள்களில் இன்றைக்கும் அப்படித்தான். தமிழ் வாசகர் கண் அதற்குப் பழகிய கண்.

ரைட்டரில் இதைச் செய்ய முடியும். இன்சர்ட் மெனுவில் 'ஃபார்மட்டிங் மார்க்' என்பதற்குள் 'நோ வித் ஆப்ஷனல் பிரேக்' இருக்கிறது. நீளமான சொல்லின் நடுவில், 'எடுத்துக்' என்பதற்கும் 'கொண்டிருந்தார்களாம்' என்பதற்கும் இடையில் அதை வைத்தால், தேவைப்படும்போது சொல் கோடில்லாமல் அந்த இடத்தில் உடையும். தேவையில்லாதபோது எதுவும் தெரியாது. உடைக்கும் இடத்தைப் பொருள் பார்த்துத் தேர்வது நல்லது. 'வரவில்லை' என்பதை 'வர', 'வில்லை' என்று உடைப்பது கண்ணுக்கு உறுத்தாது, 'வரவில்', 'லை' என்பது உறுத்தும். ஒரு எச்சரிக்கை: இந்தக் குறி இருக்கும் சொல்லை வழக்கம்போலத் தேடினால் கிடைக்காமல் போகலாம். எனவே திருத்தம் எல்லாம் முடிந்து, பக்கம் நிலைத்த பிறகு, மோசமான வரிகளில் மட்டும் போடுங்கள். எல்லாச் சொல்லிலும் போட்டுக்கொண்டே போக வேண்டாம்.

அதற்கும் இடமில்லாத குறுகிய பத்திகளில், அட்டவணைக் கட்டங்களில், பட விளக்கங்களில் இருபுறம் நேராக்குவதையே விட்டுவிடுங்கள். இடப்புறம் மட்டும் நேராக இருந்தால் போதும். அட்டவணைக்குள் இருபுறமும் நேராக்கிய தமிழைப் போல வாசிக்கச் சிரமமானது வேறில்லை.

பிரியக் கூடாதவற்றைப் பிரியாமல் வைக்கவும் வழி இருக்கிறது. 'ரூ.' ஒரு வரியிலும் '500' அடுத்த வரியிலும் வந்தால் நன்றாக இல்லை. 'திரு.' என்பதும் பெயரும், 'கி.பி.' என்பதும் ஆண்டும், '40' என்பதும் 'ஏக்கர்' என்பதும் இப்படித்தான். நடுவில் ஸ்பேஸுக்குப் பதில் கன்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் அவை சேர்ந்தே இருக்கும். ஆயக்கட்டுக் கணக்கு நிறைந்த இந்தப் புத்தகத்துக்கு அது மிகவும் உதவியது.

செய்யுளை ஒருபோதும் இருபுறம் நேராக்கக் கூடாது. குறளின் முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். பலர் முதல் அடியின் முடிவில் ஷிப்ட் என்டர் தட்டுவார்கள். பத்தி இருபுறமும் நேராக்கிய பத்தியாக இருந்தால் அந்த நான்கு சீரும் பக்க அகலத்துக்கு இழுபட்டு நிற்கும். செய்யுள் ஸ்டைலை இடப்புறம் நேராக்கி, 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மடங்கி வரும் வரியை மட்டும் இன்னும் உள்ளே தள்ளும் ஹேங்கிங் இன்டென்ட் கொடுத்துவிடுங்கள். அடி நீண்டு அடுத்த வரிக்குப் போனாலும், அது புது அடி இல்லை என்பது பார்த்ததுமே தெரியும். ஒரே ஸ்டைல் பத்திகளுக்கு நடுவில் இடம் விடாதே என்று ஒரு கட்டம் பாராகிராஃப் பெட்டியில் இருக்கிறது. அதையும் டிக் செய்தால், ஒவ்வொரு அடியும் தனி என்டராக இருந்தாலும் மேலே கீழே விட்ட 8 பாயின்ட், பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வரும். கண்ணிக்குக் கண்ணி இடம் வேண்டுமென்றால், முன்பு அடையாளம் இட்டு வைத்த கடைசி அடிகளில் மட்டும் அந்த டிக்கை எடுத்துவிட்டு, மேலே பூஜ்யம், கீழே 8 பாயின்ட் என்று வைக்க வேண்டும்.

பக்கம் உடையும் இடம், பக்க எண்

கட்டுரைத் தலைப்பின் ஸ்டைலிலேயே 'பேஜ் பிரேக் பிஃபோர்' டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு கட்டுரையும் தானாகப் புதுப் பக்கத்தில் தொடங்கும். அவர் தட்டியிருந்த அத்தனை என்டர்களின் வேலையையும் அந்த ஒரு டிக் செய்தது. உட்தலைப்பு பக்கத்தின் கடைசி வரியில் தனியே தொங்காமல் இருக்க 'கீப் வித் நெக்ஸ்ட்'. பத்தியின் ஒற்றை வரி ஒரு பக்கத்தில் தனித்து நிற்காமல் இருக்க 'விடோ ஆர்ஃபன் கன்ட்ரோல்'. இதனால் சில பக்கங்கள் ஒரு வரி குறைவாக முடியும், அது பரவாயில்லை.

முன்பகுதிக்கு ரோமன் எண், உள்ளே 1 முதல் என்று ஆய்வேடுகளில் கேட்பார்கள். வேர்டில் அதற்கு, கோப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக் வேண்டும். புது செக்‌ஷனின் ஃபுட்டருக்கு, அதாவது பக்கத்தின் அடி ஓரத்துக்கு, போய் 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை முதலில் அணைத்துவிட்டுத்தான் அங்கே கைவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பகுதியின் ஃபுட்டரும் சேர்ந்து மாறும். ஒரு செக்‌ஷனின் பக்க அமைப்பு, அதன் கடைசியில் இருக்கும் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை அழித்தால் மேலே உள்ள பகுதி கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும். அகல அட்டவணைக்காகக் கிடைமட்டமாகத் திருப்பிய ஒரு பக்கம் இருக்கும் ஆய்வேட்டில் இப்படி அழித்தால், முந்தைய அத்தியாயம் முழுவதும் கிடைமட்டமாகத் திரும்பிவிடும். அப்படி ஆனால் பதறாமல் கன்ட்ரோல் இசட். ரைட்டரில் இதற்கு பேஜ் ஸ்டைல் என்று தனியாகவே இருக்கிறது. பெரிய ஆய்வேடுகளுக்கு எனக்கு அதுதான் வசதி.

உள்பக்க ஓரத்துக்கு 'மிரர் மார்ஜின்ஸ்' வைக்க வேண்டும், அப்போதுதான் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பைண்டிங் ஓரம் சரியான பக்கம் அமையும். ஆய்வேட்டைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுவதென்றால் மிரர் வேண்டாம், இடது ஓரம் அதிகமாக இருந்தால் போதும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மொத்தப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் போடுவார்கள். 163 பக்கத்தில் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக அரைப் பாரமாவது கூடும். ஸ்டைலில் வரி இடைவெளியை அரை பாயின்ட் குறைத்தாலே பல நேரம் 160-க்குள் வந்துவிடும். கையால் தட்டிய கோப்பில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

கொடுப்பது எப்போதும் பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அங்கே அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்கார்ந்து, எல்லாப் பக்கமும் நகர்ந்துவிடும். பிடிஎஃப் எடுத்த பிறகு அதன் ப்ராப்பர்டீஸில் ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும். பிறகு நாலைந்து பக்கத்தை 'ஆக்சுவல் சைஸ்' வைத்து ஏ4-ல் அச்செடுத்து, டெம்மி அளவுக்கு வெட்டி, கையில் பிடித்து வாசித்துப் பாருங்கள். ஓரம் கட்டை விரலுக்கு இடம் தருகிறதா, எழுத்து வயதானவர்களுக்கும் தெரியுமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஆசிரியர் அப்படி வாசித்துவிட்டு எழுத்தை 11.5 ஆக்கச் சொன்னார். 'பத்தி' ஸ்டைலில் ஓர் எண்ணை மாற்றி, 'முதல் பத்தி' அதையே பின்பற்றுமாறு வைத்திருந்ததால், புத்தகம் முழுவதும் மாறியது. பொருளடக்கத்தின் மீது எஃப் 9 அழுத்தியதும் பக்க எண்களும் புதிதாயின.

அட்டையை மட்டும் வேர்டில் செய்ய வேண்டாம். அதற்கு அச்சு வண்ணக் கணக்கு வேறு, வெட்டும்போது போகும் ஓரத்துக்குக் கூடுதல் இடம் விட வேண்டும், முதுகின் அகலம் தாளின் தடிமனையும் பக்க எண்ணிக்கையையும் பொறுத்தது. உள்பக்கங்கள் முழுவதும் முடிந்து, கடைசி எண்ணிக்கை தெரிந்த பிறகு அட்டை வரைபவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொன்னால் அவர் இரண்டாம் முறை வரைய வேண்டியிருக்கும்.